விபத்தில்லாச் சந்திப்பு

எங்கள் சந்திப்பில் மூன்று வருடமாக ஒரு விபத்தும் நடக்கவில்லை. இந்த வாக்கியத்தை முதன்முதலில் காகிதத்தில் எழுதியவன் நான்தான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

அந்த மூலையில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. நகல் எடுப்பேன், மனு எழுதித் தருவேன், படிவம் நிரப்பித் தருவேன். ஒரு இடத்தைக் காலியாக விட்டாலும் படிவம் போன வேகத்தில் திரும்பி வந்துவிடும் என்பது என் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம். அதனால் என் கையால் போன எந்தப் படிவத்திலும் காலி இடம் இருந்ததில்லை. ஒன்றும் தெரியாவிட்டால் 'பொருந்தாது' என்றாவது எழுதிவிடுவேன்.

நாலு சாலை கூடும் இடம் அது. மூன்று சாலைகள் சாது. நாலாவது, மேட்டிலிருந்து சரிந்து, பழைய கிடங்கு ஒன்றின் சுவரை ஒட்டி வளைந்து, திடுதிப்பென்று நம் கண்முன்னால் வந்து நிற்கும். நிற்கும் என்றது சாலையை. அதில் வருகிற தண்ணீர் லாரிகள் நிற்பதில்லை. சரிவில் பிரேக்கை மிதிப்பதை அந்த ஓட்டுநர்கள் மானக்கேடாக நினைத்தார்கள். சரிவுக்கு நேர் கீழே, எதிர்ப்பக்கத்தில் பள்ளிக்கூடம்.

என் கடைக்கு அடுத்த கடை தையல்காரருடையது. அவருடைய மெஷினுக்குப் பின்னால் உள்ள முக்காலியில் உட்கார்ந்தால், கிடங்குச் சுவருக்கும் விளக்குக் கம்பத்துக்கும் நடுவே உள்ள சந்து வழியாகச் சரிவில் ஐம்பது அடி தூரம் தெரியும். அந்தச் சந்திப்பில் சரிவு தெரிகிற ஒரே இடம் அந்த முக்காலிதான். அதனால், யாரும் கேட்காமலே, சாலையைக் கவனிக்கிற வேலை அவர் தலையில் விழுந்தது. பள்ளி விளையாட்டு விழாக் கொடியில் மிஞ்சிய சிவப்புத் துணி ஒன்றை மெஷினில் மாட்டி வைத்திருப்பார். குழந்தைகளோ வயசானவர்களோ ஓரத்தில் வந்து நின்றால் எழுந்து போய் அந்தத் துணியைத் தூக்கிப் பிடிப்பார். துணி மேலே போனால் வண்டிகள் நிற்கவேண்டும், மனிதர்கள் நடக்கலாம். பள்ளிக்கூடத்து வாண்டுகளுக்கு இது வாய்ப்பாட்டைவிட நன்றாகத் தெரியும். ஒரு கால்சட்டையில் ஒரு கால் தைத்து முடிப்பதற்குள் மூன்று தடவை எழுந்துவிடுவார்.

அவருக்கு ஒரே மகள். ஒன்பது வயசு. தவழ்கிற காலத்தில் பொத்தான் டப்பாவையே கட்டிக்கொண்டு கிடந்ததால் தெருவுக்கே அவள் 'பொத்தான்'. அப்பா துணியைத் தூக்காமல் சாலையில் கால் வைக்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அவள் சொன்ன சொல் தட்டாத பிள்ளை. இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மழை நாளில் அவர் ஒரு மூச்சு தாமதமாக எழுந்தார். லாரியின் கொக்கி ஒரு குழந்தையின் புத்தகப் பையைக் கிழித்துக்கொண்டு போனது. அந்தக் குழந்தை பொத்தான்தான். அன்று சாயங்காலம் அவர் என் கடைக்கு வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, கண்ணுல புரை விழுந்திருக்காம். சரிவுல வர்றது லாரியா மேகத்து நிழலான்னு எனக்கு இப்பல்லாம் தெரியல. இத்தனை நாள் பாத்துக்கிட்டேன், இனிமே முடியாது. ஒரே ஒரு வேகத்தடை போட்டா போதும். எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தேன். சாலைப் பாதுகாப்பு மேம்பாட்டு வாரியத்துக்கு நேர்த்தியான மனு. வெறும் கையோடு கேட்பதாகத் தெரியக் கூடாது, மனுதாரருக்கும் ஒரு தகுதி வேண்டும் என்று நானாகவே ஆரம்பத்தில் ஒரு வரி சேர்த்தேன்: 'கடந்த மூன்று ஆண்டுகளாக மேற்படி சந்திப்பில் ஒரு விபத்தும் நிகழாவண்ணம் தையல்காரராகிய நான் பார்த்துக்கொண்டு வருகிறேன்.' எழுதிவிட்டு இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். எனக்கே பிடித்திருந்தது.

நாற்பது நாளில் பதில் வந்தது. தங்கள் சந்திப்பில் விபத்து இன்மை குறித்து வாரியம் மகிழ்ச்சி அடைகிறது, மனு இத்துடன் முடித்துவைக்கப்படுகிறது என்று இருந்தது.

என் வாக்கியத்துக்கு நான்தானே பொறுப்பு. கடையைப் பூட்டிவிட்டு அவரோடு வாரியத்துக்குப் போனேன்.

வாரிய அலுவலகத்து வாசலில் மூன்று வேகத்தடைகள் இருந்தன. வெள்ளைக் கோடு, வளைவுக் கண்ணாடி, மினுக்கும் மஞ்சள் விளக்கு, விசிலோடு ஒரு காவலாளி. உள்ளே இருந்தது இயக்குநரின் காரும் நாலு சைக்கிளும்தான். தையல்காரர் அந்த வேகத்தடைகளை, நல்ல துணிக்கடையில் ஏழை பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டே தாண்டினார்.

எங்களைப் பார்த்தவர் மதிப்பீட்டு அதிகாரி. நல்ல மனிதர், அதை மறைக்கக் கூடாது. நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து எங்கள் முன்னால் வைத்தார். படிவம் பதினொன்று. அதில் ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டு ஐந்து கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்கும் நேராகப் 'பாதிக்கப்பட்டவர்' என்று அச்சடித்திருந்தது.

"வாரியம் உணர்ச்சிவசப்பட்டு வேலை செய்யாதுங்க, புள்ளிவிவரத்தை வெச்சுத்தான் செய்யும். மூணு வருஷத்துல அஞ்சு விபத்து பதிவாகணும். இந்த அஞ்சு கோடும் நிரம்பிடுச்சுன்னா நீங்க வந்து கேக்கவே வேண்டாம், நாங்களே ஓடி வந்து போட்டுடுவோம்."

அந்த அஞ்சும் நடக்கக் கூடாது என்றுதான் வந்திருப்பதாகத் தையல்காரர் சொன்னார்.

"நடக்காத ஒண்ணைத் தடுக்கணும்னு நான் மேல எப்படிங்க எழுதுவேன்? எதைத் தடுக்கறீங்கன்னு கேப்பாங்களே."

தையல்காரர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, வாசலில் மூன்று வேகத்தடை இருக்கின்றனவே, அங்கே எத்தனை விபத்து நடந்தது என்று பணிவாகவே கேட்டார்.

"ஒண்ணுகூட இல்ல," என்றார் அதிகாரி. அவர் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா, வேகத்தடைன்னா எவ்வளவு நல்லா வேலை செய்யுதுன்னு."

ஆனாலும் மனிதர் எங்களை வெறுங்கையோடு அனுப்பவில்லை. கோப்பை இப்படியும் அப்படியும் புரட்டிவிட்டு, குறை சந்திப்பில் இல்லை, தையல்காரரிடம்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். இவர் இடையில் புகுந்து துணியை ஆட்டிக்கொண்டே இருந்தால் அந்தச் சந்திப்பு உண்மையில் எவ்வளவு ஆபத்தானது என்று வாரியத்துக்கு எப்படித் தெரியும்? அதற்கு 'இயல்பு நிலை ஆய்வு' என்று ஒன்று உண்டு. ஆறு நாள். வாரியம் வந்து உட்கார்ந்து பார்க்கும். அந்த ஆறு நாளும் இவர் தலையிடக் கூடாது. ஆபத்து நிரூபணமானால் சிறப்பு ஒதுக்கீட்டில் வேகத்தடை கிடைக்கும். தலையிட்டால் மனு ரத்து, அடுத்த மூன்று வருடத்துக்கு மறு மனு கிடையாது.

"அந்த ஆறு நாள்ல யாருக்காவது ஏதாவது ஆயிட்டா?" என்று கேட்டார் தையல்காரர்.

"ஆனா உங்களுக்கு நல்லதுதானே," என்றார் அதிகாரி. சொன்ன பிறகுதான் அது எப்படி விழுந்தது என்று அவருக்கே உறைத்தது போலிருந்தது. தண்ணீர் குடிக்கிறீர்களா என்று மறுபடியும் கேட்டார்.

உறுதிமொழிப் பத்திரத்தை நான்தான் நிரப்பினேன். துணி ஆட்டக் கூடாது. விசில் அடிக்கக் கூடாது. கூவக் கூடாது. கைகாட்டக் கூடாது. ஏழாவது விதி, கண்ணாலும் ஜாடை செய்யக் கூடாது என்றது. புரை விழுந்த கண்ணால் ஜாடை செய்தால் என்ன, செய்யாவிட்டால் என்ன என்று கேட்க வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். தையல்காரர் கையெழுத்துப் போட்டார்.

ஆய்வு திங்கட்கிழமை தொடங்கியது. அதிகாரி ஒரு எழுத்தரோடு வந்து, பெரிய நீலக் குடையை விரித்து, மேஜை நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முதல் வேலையாகச் சிவப்புத் துணியைக் கேட்டு வாங்கி, உறையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீதும் தந்தார்.

முதல் இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. சரிவில் இறங்கிய லாரிக்காரர்கள் நீலக் குடையைப் பார்த்துப் போலீஸ் சோதனை என்று நினைத்து ஊர்ந்து வந்தார்கள். எங்கள் சந்திப்பு அப்படி அடங்கி ஒடுங்கி இருந்து நான் பார்த்ததே இல்லை. அந்தக் குடையை மட்டும் இங்கேயே விட்டுவிட்டுப் போக முடியுமா, வேகத்தடையே வேண்டாம் என்று தையல்காரர் கெஞ்சினார். குடை இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருள் என்று எழுத்தர் சொல்லிவிட்டார்.

மூன்றாம் நாள் குடையின் கீழே இருப்பது போலீஸ் அல்ல என்று ஓட்டுநர்களுக்குத் தெரிந்துபோயிற்று. இரண்டு நாள் இழந்ததை வட்டியோடு மீட்க நினைத்தவர்கள் போல இறங்கினார்கள். ஒரு சைக்கிள்காரர் லாரிக்கு முன்னால் விழுந்து உருண்டு எழுந்தார். அதிகாரிதான் ஓடிப்போய்த் தூக்கிவிட்டார், தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்தார், திரும்பி வந்து ஒன்றும் எழுதாமல் உட்கார்ந்தார். லாரி தொடவில்லை, அவர் தானாக விழுந்தார். நாலாம் நாள் ஒரு நாய் அடிபட்டது. நாய்க்கு வேறு துறை. ஐந்தாம் நாள் ஒரு கர்ப்பிணிப் பெண் பாதிச் சாலையில் நின்றுவிட, இரண்டு வண்டிகள் அவளுடைய இரண்டு பக்கத்திலும் உரசாமல் போயின. அவள் சாலை நடுவிலேயே உட்கார்ந்து அழுதாள். 'கிட்டத்தட்ட' என்பதற்குப் படிவத்தில் இடம் இல்லை என்று எழுத்தர் என்னிடம் வருத்தத்தோடு சொன்னார்.

அந்த ஐந்து நாளும் தையல்காரர் முக்காலியை விட்டு எழவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு மெஷினை மிதித்தார். ஹாரன் சத்தம் கேட்கும்போதெல்லாம் மெஷின் நின்று, பிறகு ஓடும். அவர் அந்த ஐந்து நாளில் தைத்த சட்டைகளுக்கெல்லாம் தையல் கோணலாகவே இருந்தது. பொத்தானை மட்டும் அவர் மனைவி காலையும் மாலையும் கையைப் பிடித்து அழைத்து வந்தார். அண்ணிக்கு ஆஸ்பத்திரி வார்டில் வேலை, கெஞ்சிக் கூத்தாடித்தான் அந்த நேரத்துக்கு வெளியே வந்தார்.

ஆறாம் நாள் அண்ணி வரவில்லை. அடுத்த ஷிப்டுக்கு வரவேண்டிய ஆள் வராததால் வார்டை விட்டு நகர முடியாமல் மாட்டிக்கொண்டார்.

மணி நாலு பத்து. ஆய்வு முடிய இன்னும் இருபது நிமிடம். எதிர்ப்பக்கத்தில் பொத்தான் அம்மா இல்லாமல் வந்து நின்றாள்.

நான் பார்த்தேன். தையல்காரரும் பார்த்துவிட்டார். அவள் அப்பாவையே பார்த்துக்கொண்டு, பையின் இரண்டு வாரையும் பிடித்தபடி நின்றாள். சொன்னது சொன்னபடி, துணி மேலே போகட்டும் என்று காத்திருந்தாள். கூட வந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக ஓடிக் கடந்தார்கள், இவள் அசையவில்லை. இப்படியே இருபது நிமிடம் நின்றுவிட்டால் போதும் என்று நான் கடவுளை வேண்டினேன். தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். கண்ணாலும் ஜாடை செய்யக் கூடாதே. நானும் போகவில்லை. போயிருக்கலாம். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர்தானே, நான் இல்லையே. இது எனக்கு அப்போது தோன்றவில்லை, இப்போது தினமும் தோன்றுகிறது.

அவர் கையில் பள்ளி விளையாட்டுக்கான ஒரு சட்டை இருந்தது. நேரம் போகவேண்டுமே என்று விளிம்பை மடித்துக்கொண்டிருந்தார். புரைக் கண்ணுக்குத் தையல் தெரியவில்லை. பழக்கம் விடுமா? சட்டையை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

சட்டை சிவப்பு.

பொத்தான் சாலையில் கால் வைத்தாள்.

அந்த நேரத்தில்தான் சரிவில் லாரி வளைந்தது. தையல்காரர் மெஷினைத் தள்ளிவிட்டு ஓடினார். கூவினாரா என்று எனக்கு நினைவில்லை. மெஷின் கவிழ்ந்த சத்தமும் பிரேக் சத்தமும் ஒன்றாகக் கேட்டன. தூசி அடங்கியபோது அவர் மகளை வயிற்றோடு அணைத்துக்கொண்டு தரையில் கிடந்தார். அவளுடைய சோற்று டப்பா மட்டும் உருண்டுகொண்டே போய்க் குடையின் காலில் முட்டி நின்றது.

அதிகாரிக்கு முகம் வெளுத்துவிட்டது. பேனாவைக் கீழே போட்டுவிட்டுத்தான் ஓடி வந்தார். பொத்தானின் தலையைத் தடவினார், கையைக் காலைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து லாரிக்கும் தையல்காரர் முதுகுக்கும் இடையே வைத்துப் பார்த்தார். பதினோரு அங்குலம்.

"தொடல," என்றார். "கடவுள் காப்பாத்தினாரு. ஆனா விபத்து இல்ல. தலையீடு ரெண்டு."

துணியைத் தூக்கியது ஒன்று, ஓடியது ஒன்று.

மனு ரத்தானது. ஆனால் ஆய்வு வீணாகவில்லை. ஆறு நாள் முழுக்கக் கண்காணித்தும் ஒரு விபத்தும் நிகழாத சந்திப்பு இந்த வட்டாரத்திலேயே எங்களுடையதுதான் என்று வாரியம் கண்டுபிடித்தது. அடுத்த மாதம் எங்கள் சந்திப்புக்கு விருது அறிவித்தார்கள்.

விழாவுக்காக நாலு சாலையையும் காலை எட்டு மணிக்கே அடைத்துவிட்டார்கள். வண்டிகள் ஊரைச் சுற்றிப் போயின. நடுச் சாலையில் மேடை போட்டு இயக்குநர் பேசினார்.

"பாதுகாப்பு எப்படி வருது? சிலர் வேகத்தடையால வருதுன்னு நினைக்கறாங்க. இல்ல. விளக்கால வருதுன்னு நினைக்கறாங்க. இல்லவே இல்ல. இந்தச் சந்திப்புல வாரியம் ஒரு கல்லைக்கூடப் போடல, ஒரு கோடுகூடக் கிழிக்கல. ஆனா ஒரு விபத்துகூட இல்ல. இதே மாதிரி எல்லாச் சந்திப்புலயும் ஒண்ணுமே செய்யாம விபத்தே இல்லாத நிலையைக் கொண்டுவரணும்ங்கறதுதான் வாரியத்தோட லட்சியம்."

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கூட்டத்தில் கை தானாகத் தட்டிவிடுகிறது.

பிறகு பலகையைத் திறந்து வைத்தார். பத்தடி அகலம், எட்டடி உயரம். 'விபத்தில்லாச் சந்திப்பு' என்று தங்க எழுத்து, கீழே இயக்குநர் படம். நாலு சாலையிலிருந்தும் தெரியவேண்டும் என்பதற்காக, இடம் தேடி, கிடங்குச் சுவருக்கும் விளக்குக் கம்பத்துக்கும் நடுவே இருந்த அந்தச் சந்தில் கச்சிதமாக நட்டிருந்தார்கள்.

தையல்காரர் தன் முக்காலியில் போய் உட்கார்ந்து பார்த்தார். சரிவு இருந்த இடத்தில் இயக்குநர் சிரித்துக்கொண்டிருந்தார்.

பாராட்டுப் பெற மேடைக்கு அழைத்தபோது அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். பலகையை நாலடி தள்ளி நட முடியுமா?

இயக்குநர் அவர் தோளில் கை போட்டுக்கொண்டார். "விருதை நகர்த்த விதியில இடம் இல்லீங்க. அதை எடுக்கறதுக்கு ஒரே ஒரு வழிதான் இருக்கு. இங்க ஒரு விபத்து நடக்கணும். நடந்தா அன்னிக்கே கழட்டிடுவோம், அதுல வாரியம் ரொம்பக் கண்டிப்பு. அந்த நிலை வராம பாத்துக்க வேண்டியது உங்க பொறுப்பு."

தையல்காரர் தலையாட்டினார். அவர் அந்த வார்த்தையை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஒன்பது நாள் அவர் பலகைக்கு முன்னால், வண்டிகள் திரும்புகிற இடத்திலேயே போய் நின்றார். முத்திரை வைத்த துணி வாரியத்திடமே இருந்ததால் ஒரு சிவப்புச் சட்டைக் கையை வைத்துக்கொண்டு ஆட்டினார். மெஷின் தூசி படிந்தது. துணி கொடுத்தவர்கள் கேட்டுக் கேட்டுத் திருப்பி வாங்கிப் போனார்கள். நின்ற இடத்திலிருந்தும் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை, சத்தத்தை வைத்துத்தான் கணித்தார். எட்டாம் நாள் லாரி என்று நினைத்துக் காற்றை நிறுத்தினார். ஒன்பதாம் நாள் காற்று என்று நினைத்து லாரியை விட்டார். அது யாரையும் தொடாமல் போனது எங்கள் அதிர்ஷ்டம்.

பத்தாம் நாள் காலை, பள்ளிக்கூடம் தொடங்கிக் குழந்தைகள் எல்லாம் உள்ளே போன பிறகு, தையல்காரரைப் பால் வேன் இடித்தது. தொடைக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது.

வேன்காரர் ஆஸ்பத்திரி வாசலில் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். தான் மெதுவாகத்தான் வந்ததாகவும், அந்த ஆள் தன்னையே பார்த்துக்கொண்டு நின்றதாகவும், ஒதுங்குவார் என்று நினைத்ததாகவும் சொன்னார். தையல்காரரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அண்ணி வேலை பார்க்கிற வார்டில்தான். அண்ணி அழவில்லை. இரத்தத்தைத் துடைத்துக்கொண்டே, சாயங்காலம் பிள்ளையை யார் கடக்க விடுவார்கள் என்று மட்டும் கேட்டார்.

எல்லாரும் நகர்ந்த பிறகு தையல்காரர் என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"லாரின்னா ஆளே போயிடுவேன்னு தெரியும் தம்பி. பால் வண்டிக்காரன்தான் நிதானமா வருவான். ஒன்பது நாளாப் பாத்து வெச்சிருந்தேன். அளவெடுத்துத்தான் நின்னேன், அரை அங்குலம் பிசகிடுச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "பலகையைக் கழட்டிட்டாங்களா?" என்றார்.

எனக்குத் திட்டவேண்டும் என்று வந்தது, காலைத் தொட்டுக் கும்பிடவேண்டும் என்றும் வந்தது. இரண்டையும் செய்யாமல் அவருடைய போர்வையை இழுத்துவிட்டேன்.

சாயங்காலம் அதிகாரி வந்தார். பை நிறையப் பழம் வாங்கி வந்திருந்தார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, காலைப் பார்த்து உண்மையாகவே கண் கலங்கினார். அன்றே பலகையைக் கழற்றிவிட்டதாகச் சொன்னார். ஆய்வு முடிந்துவிட்டதால் சிவப்புத் துணியையும் முத்திரை உடையாமல் திருப்பித் தந்து ரசீதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு படிவம் பதினொன்றை எடுத்தார். முதல் கோட்டில் 'தையல்காரர்' என்று அழகான கையெழுத்தில் நிரப்பியிருந்தது.

"மனசைத் தளர விடாதீங்க. உங்க கோப்புக்கு இப்பத்தான் உயிர் வந்திருக்கு. ஒண்ணு பதிவாயிடுச்சு. இன்னும் நாலே நாலுதான்."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். கட்டில் காலடியில் பொத்தான் நின்றுகொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை எட்டு நாற்பதுக்குப் பொத்தான் என் கடைக்கு வந்தாள். அண்ணி அவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு இரவே வார்டுக்குப் போயிருந்தார். அதிகாரி கொடுத்துவிட்டுப் போன படிவத்தை ஐந்து நகல் எடுத்து வாரியத்தில் சேர்க்கவேண்டுமாம். ஒரு கையில் படிவம், ஒரு கையில் முத்திரை வைத்த உறை, முதுகில் பை. ஒன்பதுக்குப் பள்ளி மணி.

நகல் ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. அவள் ஒன்றை எடுத்துக் கல்லாவின் மேல் வைத்து, விரலை ஓட்டிப் படித்தாள். என் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள்.

"மாமா, மீதி நாலு கோட்டுல யார் யாரை எழுதணும்?"

கோடிட்ட இடத்தை நிரப்பிப் பழகிய குழந்தை. நான் வெளியே பார்த்தேன். சைக்கிள்காரர் வந்துகொண்டிருந்தார். அந்தக் கர்ப்பிணிப் பெண், இப்போது நிறைமாதம், ஓரத்தில் நின்று கடக்கலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். இரட்டை ஜடைகளும் பைகளுமாகப் பள்ளிப் பிள்ளைகள் வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள். அடுத்த கடையில் முக்காலி காலியாக இருந்தது.

"அது காலியாவே இருக்கட்டும்மா," என்றேன்.

பேனாவை அவள் கையிலிருந்து வாங்கினேன். ஜெராக்ஸ் மெஷினை நிறுத்தினேன். உறையின் அரக்கை நகத்தால் பெயர்த்துத் துணியை எடுத்துக்கொண்டு போய், தையல்காரரின் முக்காலியில் உட்கார்ந்தேன். பலகை இல்லாத சந்து வழியாகச் சரிவு நன்றாகத் தெரிந்தது. மேலே ஒரு லாரி திரும்பிக்கொண்டிருந்தது. நான் எழுந்து போய்த் துணியைத் தூக்கினேன். லாரி நிற்கும்வரை கையை இறக்கவில்லை. நின்ற பிறகு பொத்தான் சாலையில் கால் வைத்தாள்.